‘பி.என்.’ என்றால் பாண்டிச்சேரி இல்லை

கேள்வி:

ஐயா, ஈ.சி.ஆரில் ஒரு பழம்பொருள் கடையில் என் கணவர் ஒரு ரிவால்வரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. 1860-ல் பிரான்சின் சேந்த் எத்தியேன் ஆலையில் செய்ததாம். பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இங்கே விட்டுப் போனதாம். சிலிண்டரைச் சுற்றிக் கப்பல்கள் பொறித்திருக்கிறது. விலை 1,85,000 ரூபாய். என்னைக் கேட்காமலே 25,000 முன்பணம் கொடுத்துவிட்டார். “நூறு வருஷம் தாண்டினதுக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்கிறார் கடைக்காரர். பாரீசில் இருக்கும் மருமகனும் “இங்க இதெல்லாம் ஃப்ரீயா வெச்சுக்கலாம், வாங்குங்க மாமா” என்று ஏற்றிவிடுகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைக்காரர் டீ சொல்லப் போன நேரத்தில் ஐந்து போட்டோ எடுத்தேன். குழலுக்கு அடியில் ஒரு நட்சத்திரம், அதன் கீழ் ‘பி.என்.’, பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் ‘ஏ.டி.’ என்று இருக்கிறது. ‘பி.என்.’ என்றால் ‘பாண்டிச்சேரி நவால்’, அதாவது பாண்டிச்சேரிக் கப்பற்படை என்கிறார். உண்மையா?

ஆறாவது போட்டோ எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த என் தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில், துணிக்கடியில் இருந்தது. உள்ளங்கை அளவுதான். விசை மடங்குகிறது, சிலிண்டர் ஓரத்தில் ஏதோ பூ வேலை. விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறேன். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்லவேண்டும். ஆறாவது போட்டோவைப் பார்த்ததும் உங்களுக்குப் போன் செய்தேன், நினைவிருக்கும். “தொடாதீங்க, அந்த ரூம் கதவைச் சாத்திட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்க” என்றதற்கு மேல் அன்று விளக்க நேரமில்லை. மறுநாளே வந்து எடுத்துப் போனார்கள் என்று உங்கள் மகள் சொன்னார். அப்பாடா என்றிருந்தது. இதைப் படிக்கிற வேறு யார் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம் என்பதால் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பூ வேலை என்று நினைத்தது, சிலிண்டரின் பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்ன முளைகளை. மூக்குத்தித் திருகாணி அளவுதான் இருக்கும். அவை தோட்டாவின் ஆணிகள். காசிமிர் லெஃபோஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1830-களில் கொண்டுவந்த முறை இது. தோட்டாவின் பக்கவாட்டில் ஓர் ஆணி வெளியே நிற்கும். துப்பாக்கியின் சுத்தி மேலிருந்து அந்த ஆணித் தலையில் அடிக்கும், ஆணி உள்ளேயிருக்கும் ‘கேப்பு’ என்ற, அடிபட்டால் தீப்பொறி விடும் சின்ன மூடியைக் குத்தும், மருந்து பற்றிக்கொள்ளும். இந்தத் தோட்டா வெடிக்க விசையை இழுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆணித் தலையில் ஓங்கி எது பட்டாலும் போதும். தரையில் தவறி விழுந்தாலும் போதும். ஆறு அறையில் இரண்டில் ஆணி தெரிகிறது என்றால் இரண்டு தோட்டா இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நூறு வருஷத்து மருந்து நமத்துப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பழைய இரும்புக் கடையில் எடை போடுவதற்கு முன் மரக் கைப்பிடியைக் கழற்ற ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்தக் காட்சியை நினைத்துத்தான் எனக்குக் கை பதறியது.

இனி அது என்ன பொருள் என்பதற்கு வருகிறேன். பெல்ஜியத்தில் லியேஜ் என்ற ஊர், நம் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு எப்படியோ அப்படித் துப்பாக்கிக்குப் பேர்போனது. அங்கே சின்னச் சின்னப் பட்டறைகளில் இந்த மாதிரிச் சட்டைப்பை ரிவால்வர்களை மலைமலையாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். பையில் துணி சிக்காமல் இருக்கத்தான் விசை மடங்குகிறது. நீங்கள் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுத்ததால் சிலிண்டரில் ஒரு நீள்வட்டமும் அதற்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்ற மூன்று எழுத்தும் மங்கலாகத் தெரிகின்றன. லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை அது. 1893-லிருந்து அந்த நீள்வட்டத்தின் தலையில் ஒரு கிரீடம் சேர்ந்தது. உங்கள் போட்டோவில் கிரீடம் இல்லை. ஆக அதற்கு முந்திய சரக்கு. நிஜமான பழசு.

தாத்தாவுக்குப் பட்டாளத்தில் கொடுத்ததாக இருக்காது. அவர் காலத்தில் பிரெஞ்சுப் படையின் ரிவால்வர் 1892-ம் ஆண்டு மாடல், எட்டு மில்லிமீட்டர், சிலிண்டர் வலப்பக்கமாகத் திறக்கும். அதுவும் சாதாரண சொல்தாவின் இடுப்புக்கு வருவது அபூர்வம். வந்திருந்தாலும் பென்ஷன் வாங்கும் நாளில் எண்ணித் திருப்பி வாங்கியிருப்பார்கள். இது சைகோனில் சொந்தக் காசுக்கு யாரிடமோ வாங்கியதாகவோ, அவருடைய அப்பா காலத்து வீட்டுச் சாமானாகவோ இருக்கலாம். கைப்பிடி கருப்பு மரம் என்பதால் உங்களுக்கு ஒரு தொல்லை குறைந்தது. தந்தமாக இருந்திருந்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டியிருந்திருக்கும்.

சரி, உங்கள் கணவரின் ரிவால்வருக்கு வருவோம்.

‘பி.என்.’ என்றால் ‘போல்வெரே நேரா’. இத்தாலிய மொழியில் கருமருந்து, அதாவது பழைய காலத்துக் கருப்பு வெடிமருந்து. இத்தாலியின் வடக்கே கர்தோனே வால் ட்ரோம்பியா என்ற ஊரில் அரசுச் சோதனைச் சாலை இருக்கிறது. அங்கே வெடித்துப் பார்த்துத் தேறிய கருமருந்துத் துப்பாக்கிகளுக்கு நட்சத்திரத்தோடு குத்தும் முத்திரை அது. பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் இரண்டு எழுத்து சோதித்த வருஷம். 1975-க்கு ‘ஏ.ஏ.’ என்று ஆரம்பித்து வருஷத்துக்கு ஓர் எழுத்தாக நகர்த்தினார்கள். ‘ஏ.டி.’ என்றால் 1978. இந்த ரிவால்வரைவிட உங்கள் கணவர் மூத்தவர்.

இதைச் செய்த இத்தாலியன் யாரையும் ஏமாற்றவில்லை, அதையும் சொல்லவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-ல் வந்தது. அதையொட்டி, ‘கோல்ட்’ என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய ரிவால்வர்களைப் போலவே சுடக்கூடிய புதுத் துப்பாக்கி வேண்டும் என்று அமெரிக்காவில் கிராக்கி எழுந்தது. 1950-களின் கடைசியிலிருந்து இத்தாலியப் பட்டறைகள் செய்து கொடுக்க ஆரம்பித்தன, இன்றும் செய்கின்றன. நல்ல வேலைப்பாடு. குழல் மேல் தங்கள் பெயரையும், கருமருந்து மட்டுமே போடவேண்டும் என்ற எச்சரிக்கையையும் ஒழுங்காகப் பொறித்துத்தான் அனுப்புகிறார்கள். பொய் அதற்குப் பிறகு ஏறியது. உங்கள் மூன்றாவது போட்டோவில் குழலின் மேல்பட்டையைப் பாருங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் நேர்கோடாக ஓடிவந்து நடுவில் ஓரிடத்தில் லேசாகக் குழிந்து வளைகிறது. அரம் போட்டுப் பெயரை எடுத்த இடம் அது. அடியில் இருந்த முத்திரையை விட்டுவிட்டார்கள், மருந்து இடிக்கும் நெம்புகோல் அதை மறைத்திருக்கும். நீங்கள் எப்படித்தான் அதை நகர்த்திப் போட்டோ எடுத்தீர்களோ தெரியவில்லை! இருபது வருஷம் தொழிலில் இருப்பவர்களே அடிவயிற்றைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

கப்பல் படத்துக்கும் கதை உண்டு. 1851-ம் ஆண்டு மாடல் கோல்ட் ரிவால்வரின் சிலிண்டரில் ஒரு கடற்போரை உருட்டி அச்சிட்டிருப்பார்கள். 1843 மே 16-ல் கம்பேச்சே அருகே டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோ கப்பல்களோடு மோதிய சண்டை. பிரான்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நகல் செய்கிறவர்களும் அதே படத்தை அப்படியே போடுகிறார்கள். மூலத்தில் இந்தப் படம் மிக மெல்லியதாக இருக்கும், கொஞ்சம் புழங்கினாலே பாதி அழிந்துவிடும். கடைக்காரரின் சிலிண்டரில் பாய்மரக் கயிறு வரைக்கும் எண்ண முடிகிறது. துப்பாக்கி முழுக்க நூற்று அறுபது வருஷம் தேய்ந்திருக்க, கப்பல் மட்டும் நேற்றுத்தான் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது போல நிற்கிறது.

அந்த மாடலில் உடற்சட்டம் இரும்பு. விசைக் காப்பும் கைப்பிடியின் முதுகுப் பட்டையும்தான் பித்தளை. உங்கள் போட்டோவில் சட்டமே பித்தளை. அமெரிக்கப் போரின்போது இரும்புத் தட்டுப்பாட்டால் தென்மாநிலப் பட்டறைகள் சில பித்தளைச் சட்டத்தில் செய்தன, சில ஆயிரங்கள்தான். அவற்றில் ஒன்று கோட்டக்குப்பம் தாண்டி ஒரு கடை அலமாரியில் வந்து உட்காரும் என்று நம்ப எனக்கு ரொம்ப தைரியம் வேண்டும். பித்தளைச் சட்ட நகல்களோ மலிவு விலைக்காகவே ஏராளமாக வந்தவை.

பிரெஞ்சுக் கப்பற்படை 1858-ல் எடுத்துக்கொண்டது லெஃபோஷே ரிவால்வரை. மேலே சொன்ன அதே ஆணித் தோட்டாதான், அளவில் பெரியது. பின்பக்கம் ஒரு சிறு கதவைத் திறந்து தோட்டாவைப் போடவேண்டும். கடைக்காரர் காட்டுவதில் ஒவ்வோர் அறைக்கும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து, பின்னால் முலை போன்ற குமிழில் கேப்பு மாட்டவேண்டும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கி வேலை செய்யும் அதே முறை. ஆக, அவர் சொல்லும் அந்த அதிகாரி தன் கப்பலில் யாரிடமும் இல்லாத ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இனி நான்காவது போட்டோ. அதில்தான் ‘சேந்த் எத்தியேன்’ என்ற பெயரும் ‘1860’-ம் இருக்கின்றன. தட்டானிடம் இருக்கும் கண்லென்சை ஒருநாள் கடன் வாங்கி, இந்த மாதிரி எழுத்தின் குழிக்குள் பாருங்கள். பழைய பொருளில் எழுத்து முதலில் வந்தது, துரு பிறகு வந்தது. அதனால் குழியின் அடியிலும் சுவரிலும் மேற்பரப்பில் உள்ள அதே பழுப்பு படிந்திருக்கும். இதில் பழுப்புப் பரப்பை வெட்டிக்கொண்டு எழுத்து இறங்கியிருக்கிறது, அடியில் வெள்ளை மினுக்கம். போதாததற்கு ஒவ்வொரு கோடும் நெருங்கிய புள்ளிகளாக ஓடுகிறது. எவர்சில்வர் பாத்திரக் கடையில் மிஷினில் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்தப் புள்ளி. எங்கள் வீட்டு இட்லிப் பானையில் என் மாமியார் பெயர் இப்படித்தான் இருக்கிறது.

சேந்த் எத்தியேன் அரசு ஆலையின் நிஜ முத்திரை எப்படி இருக்கும் என்று கேட்டால், 1873-ம் ஆண்டு மாடலைச் சொல்லலாம். பதினொரு மில்லிமீட்டர், ஆறு தோட்டா. அதில் சட்டத்தின் பக்கவாட்டில் ஆலையின் பெயர் சாய்ந்த கையெழுத்து வடிவில், சிறிதாக, ஒரே ஆழத்தில் ஓடும். மாடலின் பெயர் குழலின் மேல்பட்டையில் இருக்கும். செய்த வருஷம் குழலின் வலப்பக்கத்தில் ‘எஸ்’ எழுத்தோடு நிற்கும். அந்த மாடலுக்கு நீலச்சாயம் ஏற்றவில்லை, வெள்ளை இரும்பாகவே விட்டார்கள். அதிகாரிகளுக்குச் செய்த 1874 மாடல்தான் கருநீலம், சிலிண்டரில் வரிக்குழிகளும் உண்டு. யாராவது ‘1873 அசல், சாயம்கூடப் போகலை’ என்று கருநீலத்தில் ஒன்றை நீட்டினால் மேலே பேசத் தேவையில்லை.

உங்கள் கணவர் என்னிடம் போனில் கேட்டது வேறு: “துரு அவ்வளவு இருக்கே சார், அது எப்படிப் பொய்யாகும்?”

துரு பொய்யாகாது, நிஜத் துருதான். ஆனால் உப்பும் வினிகரும் போட்டு ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நம் ஊர்க் கடற்காற்றில் வாரக்கணக்கில் வருவதற்கும், வருஷக்கணக்கில் வருவதற்கும் முகம் வேறு. உங்கள் வீட்டு அரிவாள்மணையை எடுத்துப் பாருங்கள் அம்மா. எல்லா இடமும் ஒரே மாதிரியா தேய்ந்திருக்கிறது? வெங்காயமும் காயும் அறுபடுகிற நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும், நுனியில் தேங்காய் துருவுகிற பல் மழுங்கியிருக்கும், காலால் அழுத்துகிற இடத்தில் மரம் வழவழத்திருக்கும், அலகு மரத்தில் இறங்குகிற மூலையில் யார் கையும் படாத கருப்பு இருக்கும். ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு காரணம், ஒரு கை, ஒரு கால். துப்பாக்கியும் அப்படித்தான். உறையில் போட்டு எடுத்து எடுத்துக் குழல்வாயின் விளிம்பு தேயும். சிலிண்டரின் வெளிவட்டம் தேயும். கட்டைவிரல் இழுக்கிற சுத்தியின் கொண்டை, ஆள்காட்டி விரல் படுகிற விசையின் முகப்பு, உள்ளங்கை அழுத்துகிற முதுகுப் பட்டை, இவை பளபளக்கும். விசைக்காப்பின் உள்மூலை, நெம்புகோலின் அடி, சுத்திக்குப் பின்னுள்ள சந்து, இங்கெல்லாம் பழைய நிறம் ஒளிந்திருக்கும்.

உங்கள் இரண்டாவது போட்டோவில் மேடும் பள்ளமும் ஒரே பழுப்பு. சந்துக்குள்ளும் அதே நிறம், கட்டைவிரல் படும் இடத்திலும் அதே நிறம். யாரும் தொடாத துப்பாக்கி ஒருநாள் ராத்திரியில் மொத்தமாகக் கிழடானது போல. பித்தளைச் சட்டமும் அதே கதைதான். தினமும் புழங்குகிற குத்துவிளக்கில் கை பிடிக்கிற தண்டு மின்னும், வளையங்களுக்கு இடையில் எண்ணெய்க் கருப்பு தங்கும். இதில் தண்டும் வளையமும் ஒரே பச்சை பூத்த கருப்பு.

திருகுகளையும் பார்த்தேன். பழைய திருகின் தலையில் பிளவு மெல்லியதாக இருக்கும், யாரோ எப்போதோ பொருந்தாத திருப்புளியை விட்டு ஒரு மூலையைச் சிதைத்திருப்பார்கள். சுற்றியுள்ள இரும்பு தேய்ந்திருந்தால் திருகின் தலையும் கூடவே தேய்ந்து ஒரே மட்டமாக நிற்கும். இதில் சட்டத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல உருண்டிருக்கின்றன, திருகுத் துளைகளின் வாய் கிண்ணம் போல அகன்றிருக்கிறது, ஆனால் பிளவுகள் கத்தி வைத்து அறுத்த மாதிரி கூர்மை. திருகைக் கழற்றி வைத்துவிட்டு உடலை மட்டும் பட்டைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் திருகை மாட்டிவிட்டார்கள்.

கைப்பிடி மரத்துக்கு ஷூ பாலிஷ் போல ஏதோ பூசியிருக்கிறது. போட்டோவில் வாசனை வராது என்பதால் அடித்துச் சொல்லமாட்டேன். நேரில் பார்க்கும்போது மூக்கை வைத்துப் பாருங்கள், இந்தத் தொழிலில் மூக்கு பெரிய உபகரணம். பழைய மரம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் இரண்டும் சேரும் இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு உலோகம் மேலே நிற்கும். இங்கே மரமும் பித்தளையும் வெண்ணெயில் கத்தி ஓடுகிற மாதிரி ஒரே சமம்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்றும் உங்கள் கணவர் கேட்டார். ஞாயிறு சந்தையில் சுவரில் மாட்ட விற்கும் அலங்காரத் துப்பாக்கிகளைக் கண்டுபிடிக்க அது போதும். அவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை, ஃப்ரிட்ஜ் காந்தம் ஒட்டாது, வார்ப்பின் இணைப்புக்கோடு விசைக்காப்பின் உள்விளிம்பில் ஓடும். உங்கள் ரிவால்வரில் குழலும் சிலிண்டரும் நல்ல இரும்பு, காந்தம் ஜம்மென்று ஒட்டும். ஒட்டிவிட்டதே என்று சந்தோஷப்பட்டால் அங்கேதான் வழுக்கும்.

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் தெரிந்தவன் போல் ஆகிவிடும். தொழிலுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆன காலம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய வீட்டில் பாகப்பிரிவினை. பழைய கைத்துப்பாக்கி ஒன்றை மதிப்பிடக் கூப்பிட்டார்கள். கிரீடம், அதன் கீழ் விக்டோரியா மகாராணியின் ‘வி.ஆர்.’, 1907 என்ற வருஷம். அழகாகத் தேய்ந்திருந்தது. பிரிட்டிஷ் ராணுவப் பொருள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பஸ் நெல்லிக்குப்பம் தாண்டும்போது பொறி தட்டியது: ராணி 1901-லேயே செத்துப்போனாளே! ஆறு வருஷம் கழித்து யார் அவள் பெயரைக் குத்துவார்கள்? வடமேற்கு எல்லைப்புறத்தில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தர்ரா ஆதம் கேல் பக்கத்தில், கையாலேயே நகல் செய்யும் கொல்லர்கள்தான். அவர்களுக்கு முத்திரை ஒரு படம், எழுத்து இல்லை. ஆங்கில ‘என்’ திரும்பி நிற்பதும், பெயரில் ஓர் எழுத்து விடுபடுவதும் அவர்கள் சரக்கில் சகஜம். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்ச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒன்றும் திட்டவில்லை, மோர் கொடுத்தார். அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

இனி சட்டம். கடைக்காரர் சொன்ன ‘நூறு வருஷம்’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1972-ம் ஆண்டு தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தில் நூறு வருஷம் ஆன பொருளைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறார்கள். அந்தச் சட்டம் பேசுவது பதிவு, விற்பனை, வெளிநாடு கொண்டுபோவது பற்றி. தொல்பொருளைத் தனிமனிதர் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது என்பதும் அதில்தான் இருக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமா என்பதைச் சொல்வது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 45-வது பிரிவில் பழைய மாடல் ஆயுதத்துக்கும் தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கும் விலக்கு உண்டுதான். ஆனால் கூடவே ஒரு கொக்கி: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்று இருக்கவேண்டும். வயசுக்கு அங்கே மதிப்பில்லை, சுடுமா என்பதுதான் கேள்வி. இதைத் தீர்மானிக்க வேண்டியது நானும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

அப்படிப் பார்த்தால் 1978-ல் செய்த அந்த இத்தாலிய நகல் நன்றாகவே சுடும். கருமருந்துதானே என்று தள்ள முடியாது, காட்டில் கொக்கு சுடுகிற நாட்டுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் கேட்கிற நாடு இது. லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது சிறைக்குப் போகிற குற்றம். ஆயுத வியாபாரத்துக்கு உரிமம் இல்லாமல் விற்பதும் அதே சட்டப்படி குற்றம்தான். உங்கள் கணவர் 1,85,000 கொடுத்து, பழசும் இல்லாத, சட்டத்துக்கும் பொருந்தாத ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர இருந்தார். அலங்காரப் பொம்மையாக இருந்திருந்தால் பணம் மட்டும்தான் போயிருக்கும்.

மருமகன் சொன்னதும் பொய்யில்லை, ஊர்தான் வேறு. பிரான்சில் 1900-க்கு முந்திய மாடல்கள் பெரும்பாலானவற்றை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள அங்குள்ள சட்டம் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் 1899-ஐக் கோடாக வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் இணையத்தில் படிக்கிற முக்கால்வாசி அந்த நாட்டுக்காரர்கள் எழுதியது. பாண்டிச்சேரியில் தெருப் பெயர்கள் பிரெஞ்சில் இருக்கலாம், ஆயுதச் சட்டம் டெல்லியிலிருந்துதான் வருகிறது.

முன்பணத்தைத் திரும்ப வாங்கச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுபோய், ‘இது 1860-ல் சேந்த் எத்தியேனில் செய்யப்பட்டது, லைசென்ஸ் தேவையில்லை’ என்று கடை முத்திரையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வேண்டுகோளுக்குப் பிறகு பணம் தானாகத் திரும்பி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வராவிட்டால் ரசீதோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எழுதியே கொடுத்துவிட்டாரென்றால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

தாத்தாவின் ரிவால்வருக்குத் திரும்புகிறேன். காவல் நிலையத்தில் ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கினீர்களா என்று மகளிடம் கேட்டேன், தெரியவில்லை என்றார். இல்லையென்றால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். ரசீதில் ‘பழைய துப்பாக்கி ஒன்று’ என்று மட்டும் இருக்கக்கூடாது. மடங்கும் விசை, ஆறு அறை, நீள்வட்ட முத்திரை, இரண்டு தோட்டா, கருப்பு மரக் கைப்பிடி, எங்கே எப்போது கிடைத்தது, இத்தனையும் இருக்கவேண்டும். ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு இப்படி ஒப்படைப்பதற்குத்தான் இருக்கிறது. தோட்டாவை அவர்கள் எடுத்துவிடுவார்கள். துப்பாக்கி இனி எப்படியும் சுடாது என்று அதிகாரபூர்வமாக முடிவானால், 45-வது பிரிவின்படி திரும்பக் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். இல்லையென்றால் லைசென்ஸ் பெற மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அல்லது விட்டுவிடலாம். பண மதிப்பு என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். லியேஜில் இதைப் போல் செய்தது ஏராளம், துருவும் நிறைய ஏறிவிட்டது.

திரும்பி வந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். புளி, எலுமிச்சை, விபூதி, உப்புத்தாள் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். அந்தத் துரு தாத்தா பெட்டியில் வைத்த நாளிலிருந்து ஏறியது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் ஈ.சி.ஆர். கடைச் சரக்குக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல எனக்கே லென்ஸ் வேண்டியிருக்கும். பருத்தித் துணியில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியிலேயே கொஞ்சம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாத்திரை டப்பாவில் வருவது போதாது, போட்டோ ஸ்டுடியோக்காரர்களிடம் பெரிய பொட்டலம் கிடைக்கும்.

உங்கள் கணவரை நான் ரொம்பக் கிண்டல் செய்துவிட்டேன். பழசின் மேல் ஆசை இருப்பது நல்ல குணம்தான், எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒருநாள் போய்வாருங்கள். வாளோ துப்பாக்கியோ, கைப்பிடியில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்த இடம் தேயவில்லை என்று மட்டும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஐந்து போட்டோவையும் மறுபடி அவர் கையில் கொடுங்கள்.